கல்யாணத்துக்கு ஒரு மிட்டாய் மேஜை

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

உறையில் பல் ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நான்தான், உங்கள் நாத்தனார். இங்கே முன்மேஜையில் உட்கார்ந்து பல்வலிக்காரர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். பதில் எழுதினால் இந்த முகவரிக்கே எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம். போனும் வேண்டாம், என் போனை அம்மா எடுத்துப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மே மாதம். மாப்பிள்ளை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். ஊரில் நாய்களுக்குத்தான் தன்னை நன்றாகத் தெரியும், மனிதர்கள் மீட்டரை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். நல்லவர்.

விஷயம் இதுதான். அவருடைய அண்ணன் கல்யாணத்தில் ஒரு மிட்டாய் மேஜை வைத்திருந்தார்களாம். நீள மேஜை, கண்ணாடி ஜாடிகளில் கலர் கலராக மிட்டாய், வருகிறவர்கள் சின்னப் பையில் தாங்களே அள்ளிக்கொண்டு போகலாம். நாமும் ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. செய்து கொடுக்கிற ஆளிடம் விலை கேட்டேன். கேட்டதுமே பல் கூசியது. அம்மா, "சாப்பாடு போடறதுக்கே முழி பிதுங்குது, இதுல மிட்டாய் ஒண்ணுதான் குறைச்சல்" என்று முடித்துவிட்டாள். பிறகு, "அவன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அப்படியே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் மிட்டாய் கம்பெனியில் வேலை செய்கிறீர்கள். செலவைக் குறைத்து எப்படிச் செய்யலாம் என்று எழுதுவீர்களா? உங்களிடம் கேட்க எனக்கு வாயில்லை. கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

பின்குறிப்பு: சிட்டு நன்றாக இருக்கிறாள்.


பிப்ரவரி 18

உனக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து எழுதுகிறாய். மீட்டர், நாய், ஜாடி, பல் கூச்சம் எல்லாம் வந்துவிட்டது. என் மகளுக்கு மூன்றே வார்த்தை, அதுவும் பின்குறிப்பில்.

நீ மறந்திருப்பாய், நான் சொல்கிறேன். உன் அண்ணன் விளம்பரப் பலகை மாட்டப் போய், சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது அவளுக்கு இரண்டு வயது. எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தது. ஓர் அறை பார்க்கும்வரை குழந்தை உங்களோடு இருக்கட்டும் என்று நான்தான் விட்டுவிட்டு வந்தேன். லீவு கிடைத்தபோதெல்லாம் ஓடி வந்தேன். அவளுடைய மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு கவுனோடு வந்தபோது உங்கள் கதவு திறக்கவில்லை. "நீ வந்துட்டுப் போனா ஒரு வாரம் அழறா. இனிமே வராதே" என்று உள்ளேயிருந்து உன் அம்மாவின் குரல் மட்டும் வந்தது. நீ ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாய். உன் கால் தெரிந்தது.

அதற்குப் பிறகும் வந்தேன். அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். "எங்கம்மா தங்கியிருக்கீங்க?" என்று கேட்டார். பெண்கள் விடுதியில், ஓர் அறைக்கு ஆறு பேர் என்றேன். "குழந்தையை அங்க விடுவாங்களா?" விடமாட்டார்கள். "அப்ப முதல்ல ஒரு வீடு பாருங்க. வீடில்லாம நான் என்னன்னு பேசறது?" அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த வீட்டைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு மிட்டாய் விவரம் வேண்டும். எனக்கு என் மகள் விவரம் வேண்டும். அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுது. பொடி எழுத்தில், முழுப் பக்கம். வந்தால் மிட்டாயைப் பற்றி நானும் ஒரு பக்கம் எழுதுகிறேன். வராவிட்டால் கடையில் போய்க் கேட்டுக்கொள்.


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அன்று ஒரே நாற்காலிக்கு இரண்டு பேரை வரச் சொல்லி நேரம் குறித்துவிட்டேன். டாக்டர் திட்டினார். என் கால் தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டதை எழுதுகிறேன்.

முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஒரு பல்லை என் கையில் கொடுத்து, "உங்க டாக்டர்கிட்ட காட்டு. இது நல்ல பல்லா கெட்ட பல்லான்னு கேட்டுட்டு வா" என்று அனுப்பினாள். நல்ல பல்தான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அன்று முழுக்க ஒரே அலட்டல். இப்போது 'ச' வருவதில்லை, காற்றுதான் வருகிறது. முடியைத் தோள்வரை வெட்டியிருக்கிறோம். சிக்கு எடுத்தால் தெருவே கூடும்படி கத்துவாள். ஒல்லி. புருவம் அப்படியே உங்களுடையது. கோபத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். இடிக்குப் பயமில்லை, மிக்சிக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணின் ரப்பரைக் கடித்துத் தின்றுவிட்டாள். ஏனென்று கேட்டால், "ஸ்ட்ராபெரி வாசனை வந்துது. நான் என்ன செய்ய?" என்கிறாள். செருப்பை இடம் மாற்றித்தான் போடுவாள். திருத்தினால், "எனக்கு இதுதான் வசதி" என்பாள். என் காது மடலைப் பிடித்தால்தான் தூக்கம் வரும். கல்யாணமாகி நான் போன பிறகு யாருடைய காதைப் பிடிப்பது என்று கேட்டாள். பாட்டி காது என்றேன். "அது சுருங்கி இருக்கு" என்றாள்.

பக்கம் முடிந்துவிட்டது. ஓரத்தில் எழுதுகிறேன்: அம்மா அவளை அடிப்பதில்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். இதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

மேஜைக்கு என்னால் ஒதுக்க முடிந்தது என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. வருகிறவர்கள் சுமார் இருநூறு பேர். சிரிக்காதீர்கள்.

நாத்தனார்


மார்ச் 12

வாயாடிக்கு,

ரப்பரைக் கடித்த இடத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பக்கத்தில் இருந்தவள், "என்னடி தனியா சிரிக்கிற?" என்றாள். சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

கேட்டுக்கொள். மே மாத வெயிலில் சாக்லேட் பக்கமே போகாதே. மேஜைக்கு வருவதற்குள் குழம்பாகிவிடும். கெட்டி மிட்டாய், புதினா மிட்டாய், ஜெல்லி, குச்சி மிட்டாய், இவை போதும். பத்துப் பதினைந்து வகை வைத்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். நான்கைந்து வகை வை, நிறைய வை. நிறமும் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் என்று வைத்துக்கொண்டால் மலிவு மிட்டாய்கூட யோசித்து வாங்கியது மாதிரி இருக்கும்.

ஜாடி வாங்காதே. ஊறுகாய், காபித்தூள், எதுவாக இருந்தாலும் கண்ணாடி பாட்டிலாக அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரி. பெரிய ஜாடிக்கு அடியில் வெள்ளைக் காகிதத்தைக் கசக்கிப் போட்டு மேலே மிட்டாயைக் கொட்டு. மேஜைவிரிப்புக்குக் கீழே அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்தால் படிபடியாக உயரம் வரும். பை சின்னதாக இருக்கட்டும், கரண்டி அதைவிடச் சின்னதாக இருக்கட்டும். ஜெல்லிதான் விலை அதிகம், அதைப் பின்வரிசையில் வை. முன்வரிசை குழந்தைகளுக்கு எட்டும். அவர்கள் எதை எடுத்தாலும் சந்தோஷப்படுவார்கள்.

எங்கள் கம்பெனியில் வளைந்தது, ஒட்டிக்கொண்டது, உறை சரியாகச் சுற்றாதது என்று ஒதுக்குகிற மிட்டாயை வேலைக்காரர்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். ருசியில் குறை கிடையாது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வாங்கி, நல்லதாகப் பொறுக்கிச் சேர்த்து வைக்கிறேன். உனக்கு அதில் பாதிச் செலவு மிச்சமாகிவிடும்.

ஒரு பக்கத்துக்கு மேலேயே எழுதிவிட்டேன். இப்போது நீ எனக்கு ஒரு பக்கம் கடன். இந்த முறை நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவள் என்னைப் பற்றிக் கேட்பாளா? கேட்டால் என்ன சொல்கிறீர்கள்?

அண்ணி


மார்ச் 27

அண்ணி,

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் தாளில் அவளுடைய பள்ளிக்கூட விளையாட்டு விழாவை எழுதினேன். இரண்டாவதில் காய்ச்சல் வந்து போனதை எழுதினேன். நீங்கள் கேட்டது அதுவல்ல என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் கேட்பதில்லை. முன்பு கேட்டாள். நீங்கள் கடைசியாக வந்து போன பிறகு தினமும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் யார் திரும்பினாலும் எழுந்து நிற்பாள். ஒருநாள் அம்மா தாங்க முடியாமல் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு வந்து, "உங்கம்மாவும் உங்கப்பாவோட சாமிகிட்ட போயிட்டா" என்று சொல்லிவிட்டாள்.

நான் அடுப்பங்கரையில் இருந்தேன். என் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் அம்மாவிடம், "இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். நான் போகாதேன்னு சொன்னேன். அவதான் வேலைக்குப் போன்னு அனுப்பி வச்சா. எனக்கு என் பிள்ளையே இல்லன்னு ஆயிடுச்சு. அவளுக்கு மட்டும் பிள்ளை இருக்கணுமா?" என்றாள். அப்படிச் சொல்லும்போது அம்மா அழவில்லை அண்ணி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

சிட்டு வாசலில் உட்காருவதை நிறுத்திவிட்டாள்.

நாத்தனார்


ஏப்ரல் 4

கடிதம் கிடைத்தது.

உறை சுற்றும் மிஷினில் நின்றிருந்தபோது கொண்டுவந்து கொடுத்தார்கள். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடியும்வரை நின்றேன். சூப்பர்வைசர் என்னைத் தாண்டிப் போனபோது, நான் செத்துப்போய் மூன்று வருஷமாகிறது, இன்னும் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிடுகிறீர்களே என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. பைத்தியம் என்று சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

உன் அம்மா சொன்னது உண்மைதான். காய்ச்சல் இருந்தது. அவரேதான் கிளம்பினார், நான் தடுக்கவில்லை. அதை அனுப்பியது என்று சொன்னால் அனுப்பியதுதான்.

இனி எனக்கு எழுதாதே. மிட்டாய் மூட்டையைப் பார்சலில் போடுகிறேன்.


ஏப்ரல் 13

அண்ணி,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள். மிட்டாயைப் பார்சலில் போடாதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியமே மண்டபச் சாவி நமக்குக் கிடைத்துவிடும். அம்மா வீட்டில் வெளியூர்க்காரர்களைக் கவனித்துக்கொண்டிருப்பாள், சாயங்காலத்துக்கு முன் மண்டபத்துக்கு வரமாட்டாள். மேஜை அலங்கரிக்க ஒரு ஆள் வருகிறார் என்று சொல்லிவிடுகிறேன். நான் சிட்டுவை அழைத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் மேஜையை அடுக்கி முடிக்கும்வரை அவள் உங்களோடு இருப்பாள். சாயங்காலம் கூட்டம் வருவதற்குள் நீங்கள் கிளம்பிவிடலாம்.

ஒன்று மட்டும். யாரென்று சொல்ல வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள், வீடு நிறைய ஆட்கள். அவள் தாங்கமாட்டாள். நானும் தாங்கமாட்டேன். கேவலமான ஏற்பாடு என்று எனக்குத் தெரியும். இதைவிட நல்லதாக யோசிக்கிற தைரியம் எனக்கு இல்லை.

வாயாடி


ஏப்ரல் 21

வாயாடிக்கு,

வருகிறேன்.

மேஜையின் நீளத்தை அளந்து எழுது. வெள்ளை விரிப்பு, அட்டைப்பெட்டிகள், கசக்குவதற்குப் பழைய காகிதம், இவற்றை நீ தயாராக வை. பாட்டில்களை நன்றாகக் காயவை, உள்ளே ஈரம் இருந்தால் மிட்டாய் பிசுபிசுத்துவிடும். லீவு கேட்டிருக்கிறேன். என் கூட இருப்பவள் தன்னுடைய நீலச் சேலையைக் கொடுப்பதாகச் சொன்னாள். அப்புறம், அலங்கரிக்க வருகிற ஆள் எதற்கு நல்ல சேலை கட்ட வேண்டும் என்று வேண்டாம் என்றுவிட்டேன். பிறகு மறுபடியும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவளுக்கு எந்த மிட்டாய் பிடிக்கும்? அதை மட்டும் நல்ல சரக்காக, முழு விலைக்கு வாங்குகிறேன்.

அண்ணி


மே 19

வாயாடிக்கு,

புது வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்று மண்டபத்தில், தையல்காரர் வந்திருக்கிறார் என்று கூப்பிட்டதும் நீ ஓடிவிட்டாய். நீ திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததை உன் அம்மா உனக்கு எப்படிச் சொன்னாரோ தெரியாது. நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீ போனதும் சிட்டு கொஞ்ச நேரம் தூணுக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம். காகிதத்தைக் கசக்கி ஜாடிக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அவளே வந்தாள்.

"அடியில பேப்பர் வச்சு ஏமாத்தறீங்களா?"

"ஏமாத்தலமா. கொஞ்சமா இருக்கறத நிறைய இருக்கற மாதிரி வைக்கிறோம்."

"அது ஏமாத்தறதுதான்" என்றாள். பிறகு அவளும் உட்கார்ந்து கசக்க ஆரம்பித்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு கசக்குகிறாள். உன் அண்ணன் ஆணி அடிக்கும்போது அப்படித்தான் துருத்துவார். சிவப்பையும் மஞ்சளையும் பிரிக்கச் சொன்னேன். பிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக் கதை, பள்ளிக்கூடக் கதை, யார் வீட்டு நாய் குட்டி போட்டது என்று எல்லாம் சொன்னாள். நான் ம் கொட்டினேன்.

ஜெல்லியைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினாள். "நீங்களும் சாப்பிடுங்க. மிட்டாய் விக்கிறவங்க மிட்டாய் சாப்பிடக் கூடாதா?" சாப்பிட்டேன். அப்போதுதான் கேட்டாள், எனக்குக் குழந்தை இருக்கிறதா என்று. இருக்கிறாள் என்றேன். எங்கே? ஊரில். "அவளுக்கு தினமும் மிட்டாய் கொடுப்பீங்களா?" கொடுக்க முடியவில்லை, தூரம் என்றேன்.

"எங்கம்மா செத்துப் போயிட்டாங்க" என்றாள். பல் விழுந்தது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "அப்பா போட்டோ இருக்கு. அம்மா போட்டோ இல்ல. எப்படி இருப்பாங்கன்னே தெரியாது. அழகா இருப்பாங்கன்னு அத்தை சொன்னாங்க."

நீ அப்படிச் சொன்னாயா? நன்றி.

அந்த நேரத்தில்தான் உன் அம்மா சமையல்காரரோடு உள்ளே வந்தார். ஏதோ பாத்திரம் குறைகிறது என்று பார்க்க வந்திருப்பார்போல. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மெலிந்துவிட்டார். சமையல்காரரை, "நீங்க பின்பக்கம் போங்க, வர்றேன்" என்று அனுப்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அன்றே எல்லாம் உடைந்திருக்கும். சிட்டு ஓடிப்போய், "பாட்டி, பாட்டி, நான்தான் செவப்பு எல்லாம் பிரிச்சேன்!" என்று அவர் கையைப் பிடித்தாள்.

உன் அம்மா மேஜைக்கு வந்தார். ஒரு ஜாடியைத் தொட்டு நேராக வைத்தார். பர்ஸைத் திறந்தார்.

"வேலை முடிஞ்சிருச்சுங்களா? கூலி எவ்வளவுங்க?"

வேண்டாம் என்றேன்.

"வேலை செஞ்சவங்க வெறுங்கையோட போகக் கூடாதுங்க. வாங்கிக்கங்க."

உன் வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து உன் அம்மா என்னை வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். திட்டும்போதுகூட அப்படித்தான். 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான். சிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் புருவம் ஒட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லு" என்றார் உன் அம்மா.

"தேங்க்ஸ் ஆன்ட்டி."

நான் வாசல்வரை நடந்தேன். அவள் பின்னாலேயே வந்து டாட்டா காட்டினாள். அந்த நோட்டை வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மேஜையின் இடது ஓரம் முடிக்காமல் வந்துவிட்டேன். நீ அடுக்கினாயா?

அண்ணி


ஜூன் 9

அண்ணி,

உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். மிஷினில் இருப்பவர்களைக் கூப்பிட முடியாது என்று வைத்துவிட்டார்கள். மறுபடி செய்தேன், எடுக்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன். கையில் கிடைத்ததும் உடனே புறப்படுங்கள்.

இடது ஓரத்தை நான் அடுக்கினேன். கல்யாணத்தன்று மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். எங்கள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் இவங்க எல்லாருக்கும் நம்மகிட்டயே நேரம் குறிச்சுடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு செலவு செய்தாய் என்று மாப்பிள்ளையின் அண்ணி என்னிடம் தனியாகக் கேட்டாள். சாப்பாட்டுக்கு ஆட்கள் உட்காருவதற்குள் ஜாடிகள் எல்லாம் காலி. கசக்கின காகிதம்தான் தெரிந்தது. அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. படம் எடுக்கிறவர் சொன்னதற்காகப் பக்கத்தில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

கிளம்புகிற நேரம் உடை மாற்றும் அறையில் சிட்டு என் காதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. நேற்று வந்த மிட்டாய் ஆன்ட்டிதான் உன் அம்மா என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நான் எப்போதும் முட்டாள்தான்.

"பொய்" என்றாள்.

"பொய் இல்லடா. அம்மா சாகல. உயிரோட இருக்காங்க."

"அப்ப ஏன் வரல?"

வந்தார்கள், நாங்கள் கதவைத் திறக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் கவுன் பாக்கெட்டில் இருந்த ஜெல்லியை எல்லாம் எடுத்துத் தரையில் போட்டாள். வெளியே போய், அத்தனை பேர் நடுவில், "பாட்டி, எங்கம்மா உயிரோட இருக்காங்களாம். அத்தை சொன்னாங்க" என்றாள். அழவில்லை. விசாரிக்கிற மாதிரிதான் சொன்னாள்.

அம்மா என் பக்கம் வந்து மெதுவாக, "உனக்கும் இனிமே இந்த வீடு கிடையாது" என்றாள். நல்ல நேரம் பார்த்துத்தான் நான் புறப்பட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. தட்டினோம், கூப்பிட்டோம், ஒரு மணி நேரம் நின்றோம். நேற்று அந்த வீட்டை வாடகைக்கு விட்டவர் இவரிடம் போனில் சொன்னார், அம்மா இந்த மாத முடிவில் வீட்டைக் காலி செய்கிறாளாம். எங்கே போகிறாள் என்று கேட்டால், "என் பேத்திக்கு யாரும் தொந்தரவு கொடுக்காத இடம்" என்றாளாம். சொந்தக்காரர்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

இங்கே இரண்டு அறை இருக்கிறது. இவரிடம் பேசிவிட்டேன். நீங்களும் அவளும் இங்கே வந்து இருக்கலாம் என்கிறார். வக்கீலம்மாவிடம் வீடு இருக்கிறது என்று சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் போங்கள்.

வாயாடி


ஜூன் 26

வாயாடிக்கு,

இந்த மாதத்திலிருந்து கடிதங்களை மிஷினுக்குக் கொண்டுவருவதில்லை, ஆபீசில் கட்டாகக் கட்டி வைத்திருந்து சம்பள நாளன்றுதான் கொடுத்தார்கள். அப்படியே பஸ் ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. இந்த மூன்று வருஷத்தில் அந்தக் கதவு திறந்திருப்பதை நான் பார்த்தது அன்றுதான். உள்ளே ஒரு ஜன்னல் திரைகூட இல்லை. வெள்ளையடிக்கிறவர் ஒருவர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். "அவங்க போய் நாலஞ்சு நாள் ஆச்சும்மா. வேன்ல போனாங்க. எங்கன்னு தெரியாது" என்றார். மாத முடிவுவரை காத்திருக்கவில்லை உன் அம்மா.

படுக்கையறைக்குள் போனேன். அங்கே அடித்து முடித்துவிட்டிருந்தார். அவர் பின்னாலேயே வந்து, "பாத்து, ஈரம். அந்த வீட்டுக் குழந்தை கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரு முழுக்க பென்சில்ல ஏதேதோ வரைஞ்சு வச்சிருந்துது. ரெண்டு கோட்டிங் அடிச்சும் தெரிஞ்சுது, இப்பதான் மூணாவது அடிச்சேன்" என்றார்.

"என்ன வரைஞ்சிருந்தா?"

"ஆளுங்க மாதிரி இருந்துது."

"எத்தனை ஆளு? பொம்பளையா?"

"கவனிக்கலயேம்மா. வெள்ளையடிக்க வந்தவன் சுவத்தைப் பாப்பானா, படத்தைப் பாப்பானா?"

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ரொம்பப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாக அடித்திருந்தார். ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், கை மட்டும் வெள்ளையானது.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன் போனேன். தாய் என்றால் உரிமை உண்டுதான், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். குழந்தையின் போட்டோ கேட்டார்கள். என்னிடம் இருந்தது இரண்டரை வயதில் எடுத்தது. அந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இதை வச்சு எப்படிம்மா தேடறது? இப்ப எப்படி இருப்பா?" என்று கேட்டார். ஒல்லி, தோள்வரை முடி, முன்பல் இரண்டு இல்லை, என் புருவம் என்றேன். "பல்லு இதுக்குள்ள முளைச்சிருக்குமே" என்றார். உன் கல்யாணப் படங்களில் அவள் இருந்தால் ஒன்றை அனுப்பு.

வக்கீலம்மாவையும் பார்த்தேன். வீடு இருக்கிறது என்று சொன்னேன். "நல்லதும்மா. இப்ப அட்ரஸ் வேணுமே, எங்க நோட்டீஸ் அனுப்பறது?" என்றார்.

நான் யாரென்று நீ சொன்னதற்கு எனக்கு உன்மேல் கோபம் இல்லை. இருக்க வேண்டும் என்று முயன்று பார்த்தேன், வரவில்லை. ஆனால் அன்றுவரை அவளுக்கு வர முடியாத அம்மா ஒருத்தி இருந்தாள். இப்போது வராத அம்மா ஒருத்தி இருக்கிறாள். ஏன் வரவில்லை என்று கேட்டாளே. எத்தனை முறை வந்தேன் என்று அவளிடம் சொல்லக்கூடிய ஆட்கள் இரண்டே பேர். ஒருத்தி நீ. இன்னொருவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

உன் வீட்டுக்காரரிடம் சொல், அந்த அறைக்கு நன்றி. அதை எனக்காகக் காலியாக வைத்திருக்க வேண்டாம்.

விடியற்காலையில் இங்கே வந்து இறங்கி நேரே வேலைக்குப் போனேன். வாசலில் சூப்பர்வைசர் என் கையைப் பார்த்து, "என்ன இது, சுண்ணாம்பா? இதோட மிட்டாயைத் தொடுவியா? போய்க் கழுவிட்டு வா" என்றார். காய்ந்து ரேகைகளில் எல்லாம் இறங்கியிருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டியிருந்தது.

கழுவிவிட்டு உள்ளே போனேன்.

அண்ணி